கொரோனாவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? 16 வயதில் படிப்பை நிறுத்திய ஜூன் அல்மெய்டாவின் கதை

போன் போட்டால் ரிங் போவதற்கு முன்னாடியே ஒரு இருமல் சத்தம் கேட்குமே, அந்தக் காலம் ஞாபகம் இருக்கிறதா? 2020 மார்ச். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட், வீட்டுத் திண்ணை என எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு, கொரோனா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்த வார்த்தை தெரியும். எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரியும்.

அது 2020ல் வைத்த பெயர் என்றுதான் பலர் நினைத்தார்கள். உண்மையில் கொரோனா வைரஸ் என்ற பெயர் அதற்கு 50 வருடங்களுக்கு முன்பே லண்டனில் வைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயர் பிறந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் பெரிய பேராசிரியர்கள், டாக்டர்கள். மூன்றாவது ஆள், காலேஜ் வாசலையே மிதிக்காத ஒரு பெண். அந்த வைரஸை முதன்முதலில் தெளிவாகக் கண்ணால் பார்த்தவரும் அவர்தான்.

அவர் பெயர் ஜூன் அல்மெய்டா. ஒரு வைரஸுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள், எந்தக் குடும்பத்தில் சேர்க்கிறார்கள், அதை முடிவு செய்வது யார் என்பதையெல்லாம் புரிந்துகொள்ள இவருடைய வாழ்க்கையைப் படித்தாலே போதும்.

பஸ் டிரைவர் மகள்

1930 அக்டோபர் 5ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் ஜூன். அப்போது அவர் பெயர் ஜூன் ஹார்ட். அப்பா பஸ் டிரைவர். அம்மா கடையில் வேலை பார்த்தவர். பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வீடு.

ஜூனுக்கு ஒரு தம்பி இருந்தான். 1940ல், ஆறு வயதில், தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா நோயில் அவன் இறந்துபோனான். அப்போது ஜூனுக்குப் பத்து வயது கூட முழுசாக ஆகவில்லை. டிப்தீரியா வைரஸ் இல்லை, பாக்டீரியாவால் வருவது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதை அந்தச் சிறுமி புத்தகத்தில் படிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பள்ளியில் ஜூன் நன்றாகப் படிப்பவர். அறிவியலுக்குப் பரிசு கூட வாங்கியிருக்கிறார். யுனிவர்சிட்டி போக ஆசை. ஆனா வீட்டில் காசு இல்லை. 1947ல், 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார்.

வேலை கிளாஸ்கோ ராயல் ஆஸ்பத்திரியின் லேபில். நோயாளிகளின் உடலில் இருந்து எடுத்த சதைத் துணுக்குகளை மெல்லிசாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் டெக்னீஷியன் வேலை. டாக்டர்களுக்குப் பின்னால் நின்று செய்யும் வேலைதான். ஆனால் எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்கிற பழக்கம் அங்கேதான் அவருக்கு வந்தது.

பிறகு லண்டன் போய் செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியில் அதே வேலை. 1954ல் வெனிசுலாவைச் சேர்ந்த ஓவியர் என்ரிக்கஸ் அல்மெய்டாவைக் கல்யாணம் செய்தார். கொஞ்ச காலத்தில் இருவரும் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கேதான் ஜூனின் வாழ்க்கை திசை மாறியது.

டொராண்டோவில் கிடைத்த மைக்ரோஸ்கோப்

கனடாவின் டொராண்டோ நகரில் ஒன்டாரியோ புற்றுநோய் நிறுவனம் இருந்தது. அங்கே எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை இயக்கும் வேலை ஜூனுக்குக் கிடைத்தது. பிரிட்டனில் இந்த மாதிரி வேலையில் மேலே வர டிகிரி கேட்பார்கள். கனடாவில் அந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. கையில் வேலை இருந்தால் போதும். ஜூனிடம் அது இருந்தது. டிகிரி இல்லாமலேயே விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் வர ஆரம்பித்தது.

சரி, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எதற்கு? சாதா மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியா தெரியும், பெரும்பாலான வைரஸ்கள் தெரியாது. காரணம் அளவு. ஒரு கொரோனா வைரஸின் குறுக்களவு சுமார் 100 நானோமீட்டர். அப்படின்னா, 10,000 வைரஸ்களை வரிசையாக நிற்க வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். இவ்வளவு சின்னப் பொருளைக் காட்டும் திறன் வெளிச்சத்துக்கு இல்லை. அதனால் வெளிச்சத்துக்குப் பதிலாக எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் பார்க்கிறார்கள்.

அதிலும் ஒரு சிக்கல். வைரஸ் மேல் எலக்ட்ரான் பட்டால் படம் மங்கலாகத்தான் வரும். இதற்கு 1959ல் பிரிட்டனில் சிட்னி பிரென்னர், ராபர்ட் ஹார்ன் ஆகிய இருவரும் ஒரு எளிய முறையைச் செம்மைப்படுத்தினார்கள். சுவரில் கையை வைத்து, சுற்றிலும் பெயின்ட் அடித்துவிட்டுக் கையை எடுத்தால் கையின் உருவம் வெள்ளையாகத் தெரியும் இல்லையா? அதே மாதிரிதான். வைரஸுக்குச் சாயம் ஏற்றாமல், அதைச் சுற்றி டங்ஸ்டன் கலந்த கரைசலைப் பரப்புவார்கள். பின்னணி கறுப்பாகிவிடும். நடுவில் வைரஸ் பளிச்சென்று தெரியும்.

இந்த முறையில் ஜூன் கைதேர்ந்தவர் ஆனார். அதோடு நிற்கவில்லை. நோயாளியின் மாதிரியில் வைரஸ் மட்டுமா இருக்கும்? செல் துண்டுகள், புரதக் குப்பைகள் என்று ஆயிரம் இருக்கும். அதில் எது வைரஸ், எது குப்பை? இதற்கு அவர் ஆன்டிபாடிகளைப் பயன்படுத்தினார். ஒரு நோயில் இருந்து மீண்டவரின் ரத்தத்தில் அந்த நோய்க் கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் இருக்கும். அவற்றை மாதிரியில் கலந்தால் வைரஸ்களை மட்டும் பிடித்து ஒன்றாகக் கொத்தாகச் சேர்த்துவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஒருவரைத் தேட அவருடைய சொந்தக்காரர்களையே அனுப்புகிற மாதிரி.

இந்த யோசனை முழுக்கப் புதுசு இல்லை. 1940களிலேயே புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் மனிதர்களுக்கு வரும் நோய்களின் வைரஸைத் தேட இதை ஒரு நம்பகமான கருவியாக மாற்றிக் காட்டியவர்களில் முக்கியமானவர் ஜூன்.

அப்போது வைரஸ்களை எப்படிப் பிரித்தார்கள்?

இங்கே கொஞ்சம் நின்று, அந்தக் காலத்து நிலைமையைப் பார்த்துவிடலாம்.

செடிக்கும் விலங்குக்கும் பெயர் வைக்க 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வீடனின் கார்ல் லின்னேயஸ் ஒரு முறையை உருவாக்கிவிட்டார். வைரஸ்களுக்கு அப்படி எதுவும் இல்லை. 1950கள் வரை பெரும்பாலும் நோயை வைத்துத்தான் பெயர். மஞ்சள் காமாலை வந்தால் ஹெபடைடிஸ் வைரஸ். மூச்சுக்குழாயைத் தாக்கினால் ரெஸ்பிரேட்டரி வைரஸ். புகையிலை இலையில் திட்டுத் திட்டாக வந்தால் புகையிலை மொசைக் வைரஸ். இல்லாவிட்டால் முதலில் கண்டுபிடித்த இடத்தின் பெயர்.

இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒரே நோயை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல வைரஸ்கள் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் ஏ, பி இரண்டும் கல்லீரலைத்தான் தாக்கும், ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம். அதே போல ஒரே குடும்பத்து வைரஸ்கள் கோழிக்கு ஒரு நோயும் எலிக்கு இன்னொரு நோயும் கொடுக்கலாம்.

1962ல் பிரான்ஸின் ஆந்த்ரே லுவோஃப், பிரிட்டனின் ஹார்ன், பிரான்ஸின் துர்னியே ஆகிய மூவரும் ஒரு மாற்றுவழி சொன்னார்கள். நோயை விடுங்கள், வைரஸைப் பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். உள்ளே இருப்பது டி.என்.ஏ.வா, ஆர்.என்.ஏ.வா? வடிவம் சுருளா, பல முகம் கொண்ட உருண்டையா? வெளியே உறை உண்டா, இல்லையா? இதை வைத்துப் பிரிக்கலாம் என்றார்கள். இந்த முறை நடக்க வேண்டுமென்றால், வைரஸின் வடிவத்தைத் துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சளி பிடிக்க வைக்கும் ஆஸ்பத்திரி

இங்கிலாந்தின் சால்ஸ்பரி நகருக்குப் பக்கத்தில் ஒரு விசித்திரமான ஆய்வு மையம் இருந்தது. பெயர் காமன் கோல்டு யூனிட், அதாவது ஜலதோஷ ஆய்வு மையம். இரண்டாம் உலகப் போர் காலத்தில் கட்டிய அமெரிக்க ஆஸ்பத்திரிக் கட்டடங்களில் 1946ல் ஆரம்பித்தார்கள். ஆரோக்கியமான ஆட்கள் தாங்களாகவே வந்து தங்குவார்கள். சாப்பாடு, தங்குமிடம் இலவசம், கைச்செலவுக்கும் கொஞ்சம் காசு. பதிலுக்கு அவர்கள் மூக்கில் சளி மாதிரியைச் சொட்டு விடுவார்கள். ஜலதோஷம் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இந்த மையத்தை நடத்தியவர் டாக்டர் டேவிட் டிரெல். 1960களின் தொடக்கத்தில் சர்ரே பகுதியில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றில், ஜலதோஷம் பிடித்த ஒரு பையனின் மூக்கில் இருந்து எடுத்த மாதிரி அவரிடம் இருந்தது. அதற்கு பி814 என்று நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்களின் மூக்கில் விட்டால் ஜலதோஷம் வந்தது. ஆனால் லேபில் வழக்கமான செல்களில் வளர்க்கப் பார்த்தால் வளரவே இல்லை. கடைசியில், ஸ்வீடனில் இருந்து வந்த பெர்ட்டில் ஹூர்ன் என்ற ஆய்வாளரின் முறைப்படி மனித மூச்சுக்குழாய்த் திசுவிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ந்தது. 1965ல் டிரெல் குழு அதை வெளியிட்டது.

ஏதோ ஒன்று இருக்கிறது, அது தெரிந்த ஜலதோஷ வைரஸ்கள் எதுவும் இல்லை என்பது வரைக்கும் புரிந்தது. ஆனால் அது என்ன? பார்க்காமல் எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது?

இதற்கிடையில் 1964ல் ஜூன் லண்டன் திரும்பியிருந்தார். டொராண்டோ போயிருந்த பிரிட்டன் பேராசிரியர் டோனி வாட்டர்சன், அவருடைய வேலையைப் பார்த்து அசந்துபோய், தான் பொறுப்பேற்றிருந்த லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்தார். டிரெல் தன் பிரச்சினையை வாட்டர்சனிடம் சொல்ல, வாட்டர்சன் ஜூனைக் கைகாட்டினார்.

டிரெலுக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. இந்த மாதிரித் திசுவில் வளர்ந்த வைரஸ் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அது போதாது என்பதுதான் அப்போதைய பொதுக் கருத்து. இருந்தாலும் மாதிரிகளை அனுப்பினார். கூடவே, ஏற்கெனவே தெரிந்த இன்ஃப்ளுயன்சா, ஹெர்பெஸ் வைரஸ் மாதிரிகளையும் சேர்த்து அனுப்பினார். ஒரு வகையில் அது பரீட்சைதான்.

ஜூன் எல்லாவற்றையும் கண்டுபிடித்தார். தெரிந்த வைரஸ்கள் தெரிந்த மாதிரியே இருந்தன. பி814 மாதிரியில் இருந்ததும் தெரிந்தது. உருண்டையான துகள். அதைச் சுற்றி, நுனி தடித்த சின்னச் சின்ன முட்கள். பார்ப்பதற்கு ஒளிவட்டம் மாதிரி. அமெரிக்காவின் சிகாகோவில் டோரத்தி ஹாம்ரேவும் ஜான் புரோக்னோவும் மாணவர்களிடம் இருந்து கண்டெடுத்திருந்த 229இ என்ற இன்னொரு ஜலதோஷ வைரஸும் அச்சு அசலாக அதே உருவம்.

ஏற்கெனவே பார்த்த முகம்

இங்கேதான் கதையின் முக்கியமான இடம். ஜூனுக்கு அந்த உருவம் புதுசு இல்லை. அதற்கு முன்பே இரண்டு இடத்தில் அதைப் பார்த்திருந்தார். ஒன்று, கோழிகளுக்கு மூச்சுக்குழாய் நோய் கொடுக்கும் வைரஸ். இன்னொன்று, எலிகளுக்கு ஈரல் நோய் கொடுக்கும் வைரஸ். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, இது ஒரு புது வகை என்பது அவர் கணிப்பு.

கோழி வைரஸ் பற்றி எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது புது வைரஸ் எல்லாம் இல்லை, சரியாகப் படம் எடுக்கத் தெரியாமல் எடுத்த இன்ஃப்ளுயன்சா வைரஸ்தான் என்பது அதைப் படித்த நிபுணர்களின் முடிவு.

மேலோட்டமாகப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். இன்ஃப்ளுயன்சா வைரஸும் உருண்டை, அதற்கும் முட்கள் உண்டு. ஆனால் அதன் முட்கள் மெலிசாக, நெருக்கமாக இருக்கும். ஜூன் பார்த்த வைரஸில் முட்கள் நுனியில் தடித்து, இடைவெளி விட்டு இருந்தன. கிளாஸ்கோவில் 16 வயதில் ஆரம்பித்து வருடக்கணக்காக இதே வேலையைச் செய்த கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது.

கோழி, எலி, மனிதன் என மூன்று வேறு வேறு உயிர்களில், மூன்று வேறு வேறு நோய்களில், ஒரே மாதிரி உருவம். நோயை வைத்துப் பிரித்திருந்தால் இவை மூன்றும் ஒன்றுசேரவே வாய்ப்பில்லை. உருவத்தை வைத்துப் பிரித்ததால் ஒரு குடும்பமே வெளிச்சத்துக்கு வந்தது. 1967ல் ஜூனும் டிரெலும் சேர்ந்து எழுதிய கட்டுரை, படங்களோடு வெளியானது.

பெயர் பிறந்த அறை

இப்போது இதற்கு ஒரு பெயர் வேண்டுமே. வாட்டர்சனின் அறையில் ஜூன், டிரெல், வாட்டர்சன் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். இன்ஃப்ளுயன்சா போன்ற வைரஸ் என்று வைக்கலாமா என்றால், அது தெளிவாகவும் இல்லை, சரியாகவும் இல்லை. படத்தில் தெரிந்த ஒளிவட்டத்தை வைத்தே யோசித்தார்கள். லத்தீன் மொழியில் கொரோனா என்றால் கிரீடம். அதுவே பெயரானது.

மூன்று பேர் முடிவு செய்தால் போதுமா? போதாது. 1968 நவம்பரில் நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு வெளியானது. அதில் எட்டு விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கோழி வைரஸ் ஆராய்ந்தவர்கள், எலி வைரஸ் ஆராய்ந்தவர்கள், அமெரிக்காவில் மனித வைரஸைக் கண்டெடுத்தவர்கள் என எல்லாத் தரப்பும் இருந்தது. முழு சூரிய கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளி வளையத்துக்கும் கொரோனா என்றுதான் பெயர். அதைப் போல இருப்பதால் இந்தக் கூட்டத்தை கொரோனா வைரஸ்கள் என்று அழைக்கலாம் என அவர்கள் பரிந்துரைத்தார்கள். ஆங்கில அகரவரிசைப்படி போட்டதால் எட்டுப் பேரில் முதல் பெயர் அல்மெய்டா.

பெயரை அங்கீகரிப்பது யார்?

1966ல் மாஸ்கோவில் நடந்த சர்வதேச நுண்ணுயிரியல் மாநாட்டில், வைரஸ்களுக்குப் பெயர் வைக்க ஓர் உலகளாவிய குழு அமைக்கப்பட்டது. அதுதான் இன்று ஐ.சி.டி.வி. என்று அழைக்கப்படும் சர்வதேச வைரஸ் வகைப்பாட்டுக் குழு. 1971ல் வெளியான அதன் முதல் அறிக்கையிலேயே கொரோனா வைரஸ் இடம்பிடித்துவிட்டது. 1975ல் கொரோனாவிரிடே என்ற தனிக் குடும்பமாகவும் உயர்ந்தது.

வைரஸ் பெயரின் கடைசிப் பகுதியைப் பார்த்தாலே அது எந்தப் படிநிலை என்று சொல்லிவிடலாம். விரியா என்று முடிந்தால் மேல்மட்டப் பெரும்பிரிவு. விராலெஸ் என்று முடிந்தால் வரிசை. விரிடே என்றால் குடும்பம். வைரஸ் என்று முடிந்தால் பேரினம். கோவிட் வைரஸின் விலாசத்தை இப்படிச் சொல்லலாம்: பெரும்பிரிவு ரைபோவிரியா, வரிசை நிடோவிராலெஸ், குடும்பம் கொரோனாவிரிடே, பேரினம் பீட்டாகொரோனாவைரஸ்.

1971ல் அமெரிக்காவின் டேவிட் பால்டிமோர் இன்னொரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தார். ஒரு வைரஸ் தன் மரபணுவில் இருந்து எப்படி எம்.ஆர்.என்.ஏ. செய்கிறது என்பதை வைத்துப் பிரிப்பது அது. இன்று எல்லா வைரஸ்களும் அதன்படி ஏழு வகைக்குள் அடக்கப்படுகின்றன. இதுவும் பயன்பாட்டில் இருக்கிறது, ஐ.சி.டி.வி. முறையும் இருக்கிறது.

இப்போது மரபணு வரிசையைப் படித்துத்தான் உறவுமுறை முடிவாகிறது. அப்படிப் பார்த்ததில் என்ன தெரிந்தது தெரியுமா? 229இ மனித வைரஸ் ஆல்ஃபா பிரிவு, எலி வைரஸ் பீட்டா பிரிவு, கோழி வைரஸ் காமா பிரிவு. பங்காளிகள் மாதிரி பிரிவு வேறு வேறு, ஆனால் மூன்றும் ஒரே குடும்பம். மரபணுவைப் படிக்க வழியே இல்லாத காலத்தில், முட்களின் வடிவத்தை மட்டும் பார்த்து ஜூன் போட்ட கணக்கு தப்பவில்லை.

கொரோனாவோடு முடிந்துவிடவில்லை

ஜூனின் சாதனைப் பட்டியல் நீளமானது. கர்ப்பிணிகளுக்கு வந்தால் குழந்தையைப் பாதிக்கும் ரூபெல்லா வைரஸை 1967ல் முதன்முதலில் படம்பிடித்துக் காட்டிய குழுவில் அவர் இருந்தார். ஹெபடைடிஸ் பி வைரஸில் வெளி உறை, உள் மையம் என இரண்டு தனித்தனிப் பகுதிகள் உண்டு, இரண்டுக்கும் எதிராக உடல் தனித்தனி ஆன்டிபாடிகளை உருவாக்குகிறது என்பதைக் காட்டியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தெரிந்த வித்தையை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. அமெரிக்காவில் இருந்து வந்த ஆல்பர்ட் கபிக்கியன், ஜூனிடம் அந்த ஆன்டிபாடி முறையைக் கற்றுக்கொண்டு போனார். 1968ல் ஓஹாயோ மாநிலத்தின் நார்வாக் ஊரில் ஒரு பள்ளியில் வாந்தி, வயிற்றுப்போக்கு பரவியிருந்தது. அங்கே எடுத்து வைத்திருந்த மாதிரியில் 1972ல் அதே முறையில் வைரஸைக் கண்டுபிடித்தார் கபிக்கியன். ஊர்ப் பெயரால் அது நார்வாக் வைரஸ் ஆனது. பின்னாளில் பேரினப் பெயர் நோரோவைரஸ் என்றானது. அடுத்து அவருடைய குழு ஹெபடைடிஸ் ஏ வைரஸையும் அப்படியே கண்டுபிடித்தது.

காலேஜ் போகாத ஜூனுக்கு, அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் அடிப்படையிலேயே பின்னாளில் டாக்டர் பட்டம் கிடைத்தது.

1980களில் வெல்கம் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். முதல் கணவரைப் பிரிந்திருந்த அவர், வைரஸ் ஆய்வாளரான பிலிப் கார்ட்னரை மறுமணம் செய்து, இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான பெக்ஸ்ஹில்லில் குடியேறினார். யோகா கற்று, பிறகு யோகா ஆசிரியராகவே ஆனார். பழைய கலைப்பொருள்களில் ஆர்வம் வந்தது. ஆனால் 1980களின் பிற்பகுதியில் எய்ட்ஸ் உலகத்தை உலுக்கியபோது ஆலோசகராக மீண்டும் செயின்ட் தாமஸ் போனார். எச்.ஐ.வி. வைரஸின் தெளிவான ஆரம்பகாலப் படங்கள் சில வெளிவர உதவினார்.

2007 டிசம்பர் 1ஆம் தேதி, 77 வயதில், மாரடைப்பால் ஜூன் அல்மெய்டா காலமானார். துறை சார்ந்த சிலர் இரங்கல் எழுதினார்கள். வெளி உலகத்துக்கு அவர் யார் என்றே தெரியாது.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்?

12 வருடம் கழித்து வூஹானில் புது நோய் பரவியது. 2020 ஜனவரியில் மரபணு வரிசை வெளியானதுமே இது கொரோனா குடும்பம், 2003ல் வந்த சார்ஸ் வைரஸின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்துவிட்டது. எந்தக் குடும்பம் என்று தெரிந்ததால் எங்கே அடிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. ஜூன் பார்த்த அதே முட்கள், அதாவது ஸ்பைக் புரதம். பெரும்பாலான கோவிட் தடுப்பூசிகளின் குறி அதுதான். வகைப்பாடு என்பது வெறும் லேபிள் ஒட்டும் வேலை இல்லை என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

2020 பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் இரண்டு பெயர்கள் வந்தன. நோய்க்கு கோவிட்-19 என்று உலக சுகாதார அமைப்பு பெயர் வைத்தது. வைரஸுக்கு சார்ஸ்-கோவ்-2 என்று ஐ.சி.டி.வி.யின் ஆய்வுக் குழு பெயர் வைத்தது. பலருக்கும் குழப்பம் தந்தது இதுதான். நோய்க்குப் பெயர் வைப்பது ஓர் அமைப்பு, வைரஸை வகைப்படுத்துவது இன்னோர் அமைப்பு.

ஊர்ப் பெயர் ஏன் வைக்கவில்லை? எபோலா ஓர் ஆற்றின் பெயர். நிபா மலேசியாவில் உள்ள ஓர் ஊரின் பெயர். ஜிகா உகாண்டாவில் ஒரு காடு. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகாவின் கியாசனூர் காட்டின் பெயரிலும் ஒரு நோய் இருக்கிறது. இப்படி வைத்தால் அந்த ஊர்க்காரர்கள் தலையில்தான் பழி விழும். 2009ல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயருக்காகவே எகிப்தில் லட்சக்கணக்கான பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டார்கள். எனவே புது நோய்களுக்கு ஊர், ஆள், விலங்கு பெயர் வைக்க வேண்டாம் என 2015ல் உலக சுகாதார அமைப்பு வழிகாட்டுதல் கொடுத்தது. 2021ல் இந்திய வகை என்று உலகமே சொன்ன வைரஸ் திரிபை டெல்டா என்று மாற்றியதும் இதே காரணத்துக்குத்தான்.

வைரஸ் இனங்களின் பெயரும் இப்போது மாறி வருகிறது. செடி, விலங்குகளுக்கு இருப்பது போல இரண்டு சொல் பெயர் வேண்டும் என்று 2021ல் ஐ.சி.டி.வி. முடிவு செய்தது. அதன்படி, கோவிட் வைரஸ் இருக்கும் இனத்துக்கு இன்று அதிகாரப்பூர்வப் பெயர் பீட்டாகொரோனாவைரஸ் பாண்டமிக்கம்.

நோய்த்தொற்று உச்சத்தில் இருந்த 2020 ஏப்ரலில், பிரிட்டன் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சன் கோவிட் வந்து ஐ.சி.யூ.வில் சேர்க்கப்பட்டார். அது செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி. 1960களில் ஜூன் அல்மெய்டா வேலை பார்த்த அதே இடம். அந்த நாள்களில்தான் பத்திரிகைகள் அவருடைய பெயரைத் தேடி எடுத்து எழுத ஆரம்பித்தன. பஸ் டிரைவர் மகளின் பெயர் உலகத்துக்குத் தெரிய வந்தபோது, அவர் இறந்து 12 வருடம் தாண்டியிருந்தது.